நாங்கள் விழுங்கியது மருந்தா, மாவா? மருத்துவ ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையில் மருத்துவ ஆய்வு செய்யும் குழுக்களுக்கும், அவற்றுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறை மீளாய்வுக் குழுக்களுக்கும்,

எங்கள் சனசமூக நிலையத்துக்கு அண்மையில் ஒரு கடிதம் வந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் புதிதாக ஓர் ஆய்வு செய்யப் போகிறார்களாம். சனிக்கிழமை காலையில் மண்டபத்தைத் திறந்து தர வேண்டும், ஆட்களுக்கு அறிவித்து உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இதே மண்டபத்தில் முன்னர் நடந்த நீரிழிவு ஆய்வின் முடிவு என்ன என்று பதிலுக்கு நாங்கள் கேட்டோம். அந்த ஆய்வைச் செய்தவர்களிடமிருந்து நாலு வரியில் மறுமொழி வந்தது: ஆய்வு வெற்றிகரமாக நிறைவுபெற்றது. முடிவுகள் ஆங்கில மருத்துவ சஞ்சிகை ஒன்றில் வெளியாகியுள்ளன. பங்குபற்றியவர்களுக்குத் தனித்தனியே அறிவிக்கும் ஏற்பாடு ஆய்வுத் திட்டத்தில் இல்லை. ஒத்துழைப்புக்கு நன்றி.

இந்த மறுமொழியைக் கோப்பில் குத்தி வைத்துவிட்டுப் பேசாமல் இருக்க எங்களால் முடியவில்லை. அதனால்தான் பகிரங்கமாக எழுதுகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுவதற்கும் காரணம் உண்டு. ஒரு நிறுவனத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் அவர்களோடு மட்டும் கதைத்திருப்பேன். பக்கத்து ஊர்களில் விசாரித்தபோது, வேறு வேறு ஆய்வுகளைப் பற்றி எல்லோரும் இதே கதையைத்தான் சொன்னார்கள்.

நான் வடமராட்சியில் நெடுங்காலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இப்போது எங்கள் நிலையத்தின் செயலாளர். ஆய்வுக்காரர்கள் ஊருக்குள் வரும்போது முதலில் வருவது என்னைப் போன்றவர்களிடம்தான். கிராம அலுவலர், குடும்பநல உத்தியோகத்தர், கோயில் தர்மகர்த்தா, ஓய்வுபெற்ற ஆசிரியர். நாங்கள் சொன்னால் சனம் வரும். சனம் வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. போர்க்காலத்தில் மருந்தும் மின்சாரமும் இல்லாமல், குண்டுகளுக்கு நடுவில் நின்று வைத்தியம் பார்த்த டொக்டர்மாரை இந்த ஊர் கண்டது. வெள்ளைக் கோட்டுக்கு இங்கே இருக்கிற மரியாதை அப்படிச் சம்பாதித்தது. உங்கள் ஆய்வுகளுக்கு ஆட்கள் மறுப்பில்லாமல் கை நீட்டுவது அந்த மரியாதையினால்தான் என்பதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நீரிழிவு ஆய்வு என்னவென்று சொல்கிறேன். சீனி வருத்தத்துக்கு ஏற்கெனவே குளிசை எடுப்பவர்களுக்கு இன்னொரு குளிசையையும் சேர்த்துக் கொடுத்தால் சீனி கட்டுப்படுமா என்று பார்ப்பது. பாதிப் பேருக்கு உண்மையான மருந்து. மற்றப் பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தில்லாத மாக்குளிசை. யாருக்கு எது என்பது எடுப்பவருக்கும் தெரியாது, கொடுக்கும் டொக்டருக்கும் தெரியாது. போத்தலில் இலக்கம் மட்டும் இருக்கும். ஏன் அப்படி என்று வந்த பிள்ளைகள் நன்றாக விளங்கப்படுத்தினார்கள். மருந்து என்று தெரிந்தாலே சிலருக்கு உடம்பு சுகமானதுபோலத் தோன்றும், கொடுப்பவருக்கும் ஒரு பக்கம் மனம் சாய்ந்துவிடும், அதைத் தவிர்க்க இதுதான் வழி என்றார்கள். சரி, எங்களுக்கு அது விளங்கியது. அதில் எனக்குக் குறையே இல்லை.

விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வந்து பிளாஸ்டிக் கதிரைகளில் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஊதா மூடிக் குழாயிலும் சாம்பல் மூடிக் குழாயிலும் இரத்தம் எடுத்து, றெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் அடுக்கினார்கள். நரம்பு பிடிபடாத வயதானவர்களுக்கு இரண்டு கையிலும் குத்த வேண்டியிருந்தது. பிறகு தேத்தண்ணியும் பணிசும். கண்ணுக்குள் படம் எடுக்க ஒரு மெசினும் கொண்டுவந்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "எங்கட பிள்ளையளுக்கு இந்த வருத்தம் வராமல் இருக்கட்டும், எடுக்கட்டும்" என்று ஒரு ஆச்சி சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது.

அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணர். கணக்கு வழக்கில் வலு கவனம். குளிசை எடுத்த நாள், நேரம், தவறவிட்ட நாள் எல்லாவற்றையும் ஒரு சீஆர் கொப்பியில் கோடு கீறி எழுதி வைத்தார். வெறும் போத்தல்களைக்கூடச் சொன்னபடி திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மெசினில் விரலைக் குத்தி வீட்டிலும் பார்த்துக்கொண்டார். அந்த மாதங்களில் அவருக்குச் சீனி நன்றாக இறங்கியது. ஆய்வு முடிந்தது, குளிசை நின்றது, சீனி பழையபடி ஏறத் தொடங்கியது. அவர் இப்போதும் என்னைக் காணும்போதெல்லாம் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், நான் விழுங்கினது மருந்தோ, மாவோ?"

இதை விடுப்புக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். அவர் விழுங்கியது மருந்தென்றால், கிளினிக் டொக்டரிடம் சொல்லி அதைத் தொடர முடியுமா என்று பார்க்கலாம். மாவென்றால், அந்தக் காலத்தில் அவர் விடியவிடிய வீதியில் நடந்ததும், இரவுச் சோற்றை விட்டுக் குரக்கன் பிட்டுக்கு மாறியதும்தான் சீனியை இறக்கியிருக்கிறது. அப்படியென்றால் அவர் அந்த நடையை விடாமல் பிடிக்க வேண்டும். பதிலைப் பொறுத்து அவருடைய வைத்தியமே மாறும். கிளினிக் டொக்டருக்கோ இப்படி ஓர் ஆய்வு நடந்ததே தெரியாது. கிளினிக் கொப்பியில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. போத்தல் இலக்கத்துக்கு விடை உங்கள் கணினியில் இருக்கிறது. ஆய்வு முடிந்து, எண்ணிக்கை எடுத்து, கட்டுரையும் வெளிவந்த பிறகு அதை மூடி வைத்திருக்க என்ன நியாயம் உண்டு?

எங்கள் ஊரிலிருந்து படித்துப் போன ஒரு பிள்ளை அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடித்தது. சுருக்கம் மட்டும் திறந்தது. முழுவதையும் வாசிக்க டொலரில் காசு கேட்டது. சுருக்கத்தின்படி, சேர்த்துக் கொடுத்த குளிசையால் மூன்று மாதச் சராசரிச் சீனியின் அளவு குறைந்திருக்கிறது, மருந்து வேலை செய்திருக்கிறது. எங்கள் சனத்தின் உடம்பில் பார்த்து அறிந்த நல்ல செய்தி அது. அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் இங்கே இன்னும் கேட்கவில்லை. அந்தக் குளிசை கிளினிக்கில் கொடுக்கும் மருந்துகளில் இல்லை. வெளி பாமசியில் வாங்கினால் ஓய்வூதியக்காரருக்குக் கட்டாது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்து, வழமையான குளிசைக்கே துண்டு எழுதி வெளியில் வாங்கச் சொன்ன காலத்தைக் கடந்து வந்த சனம் இது.

இன்னொரு அக்கா. அவருக்கும் கண்ணுக்குள் படம் எடுத்தார்கள். அதன் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததால் கண்ணில் பிழையில்லை என்றே அவர் எண்ணியிருந்தார். பல மாதம் கழித்து ஒரு கண்ணில் கறுப்புப் புகைபோல மறைக்கிறது என்று ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சீனியால் கண்ணின் உள்விழித்திரையில் இரத்தம் கசிந்திருக்கிறது என்று லேசர் பிடித்தார்கள். உங்கள் படத்தில் அது அப்போதே தெரிந்ததா, இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கண் வைத்தியர் அந்தப் படத்தை உரிய காலத்தில் பார்த்தாரா என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லவில்லை. படத்தை எடுத்தவர்களுக்கு அதைச் சொல்லும் கடமை இருந்தது. பரிசோதித்துவிட்டார்கள், பிழை இருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று நம்புவது எந்த நோயாளியும் செய்கிற காரியம். அந்த நம்பிக்கையினால் அவர் வழமையான கண் கிளினிக்குக்குப் போகாமல் இருந்தார்.

நான் ஆய்வுகளுக்கு எதிரானவள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இந்த நாட்டில் நடந்த ஆய்வுகள் உலகத்துக்கே பாடம் சொல்லியிருக்கின்றன. பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து ஏற்றும்போது சிலருக்கு அந்த மருந்தே ஒவ்வாமல் உயிராபத்து வரும். ஏற்றுவதற்கு முன் சிறு அளவில் அட்ரினலின் கொடுத்தால் அந்த ஆபத்து நன்றாகக் குறையும் என்பதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. இலங்கை ஆஸ்பத்திரிகளில் பாம்பு கடித்து வந்த 1007 பேர் அதில் பங்குபற்றினார்கள். புடையனும் சுருட்டையும் ஊருகிற தோட்டக்காணிகளில் வேலை செய்கிற எங்களுக்கு அதன் பெறுமதி தெரியும். உயர் இரத்த அழுத்தத்துக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் இங்கேதான் நடந்தது. 700 பேர் சேர்ந்தார்கள். 6 மாதத்தில், அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 சதவீதமானவர்களுக்குப் பிறசர் இலக்கு அளவுக்கு வந்தது. வழமையான வைத்தியம் பெற்றவர்களில் அது 55 சதவீதம். 2018இல் அது வெளியானபோது உலகம் முழுவதும் பேசப்பட்டது. இப்படியான ஆய்வுகள் இன்னும் வர வேண்டும், வடக்கிலும் நடக்க வேண்டும் என்று விரும்புகிறவள் நான்.

அப்படி விரும்புவதற்கு ஒரு கசப்பான காரணமும் உண்டு. நெடுங்காலம் நாங்கள் இந்த நாட்டின் கணக்கிலேயே இல்லை. இலங்கையில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதமானவர்களுக்கு நீரிழிவு என்று பல ஆண்டுகளாக எல்லோரும் சொல்லிவந்த எண், 2005, 2006இல் செய்த ஆய்விலிருந்து வந்தது. அது ஏழு மாகாணங்களில் மட்டும் நடந்தது. போரினால் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் குடித்தொகை, சுகாதார அளவீடும் அப்படித்தான். 1987, 1993, 2000 ஆண்டுகளில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006–07இல் வடக்கு இல்லை. 2016இல்தான் முதன்முறையாக 25 மாவட்டங்களும் சேர்ந்தன. எங்கள் தாய்மாரின் இரத்தச்சோகையும் குழந்தைகளின் நிறையும் ஒரு தலைமுறைக் காலம் "முழு இலங்கை" என்ற தலைப்புக்கு வெளியே கிடந்தன. ஆகவே போருக்குப் பிறகு கொப்பியும் குழாயுமாக ஆய்வுக்காரர்கள் வந்தபோது ஊர் மனமாரக் கதவைத் திறந்தது. இனியாவது எங்களையும் எண்ணுவார்கள் என்று சந்தோசப்பட்டோம்.

எண்ணினீர்கள். ஆனால் எண்ணிய கணக்கை எங்களுக்குச் சொல்லவில்லை.

மனநலம் பற்றிய ஆய்வுகளில் இது இன்னும் நோகிறது. 2009இல் யாழ். மாவட்ட வீடுகளில் எடுத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, 32.6 சதவீதமானவர்களிடம் பதகளிப்பின் அறிகுறிகளும் 22.2 சதவீதமானவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் இருந்ததாகச் சொன்னது. இந்த எண்கள் வெளிநாட்டு மாநாடுகளில் தெரியும், எங்கள் ஊரில் தெரியாது. ஐந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே சுமை இருக்கிறது என்று தெரிந்திருந்தால், தனக்கு மட்டும்தான் இப்படி என்று வாய் திறக்காமல் இருந்த எத்தனையோ பேர் கிளினிக் வாசலை மிதித்திருப்பார்கள். அந்த ஆய்வின் மீது எனக்குக் குறையில்லை. பிற்காலத்தில் வந்த வேறொரு குழுவின் கேள்விக்கொத்து எங்கள் ஊரில் எப்படி நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். காணாமல்போன மகனைப் பற்றி ஒரு தாயிடம் கேட்டார்கள். எத்தனை இரவு நித்திரை இல்லை, செத்துப்போகலாம் என்று நினைத்ததுண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு, கட்டங்களில் புள்ளடி போட்டார்கள். அவர் அழுதார். கொஞ்சம் பொறுத்திருந்து மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்து, ஒரு சவர்க்காரப் பொதியைக் கொடுத்துவிட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போனார்கள். அன்று இரவு அவருக்குப் பக்கத்தில் இருந்தது அயல் பெண்கள். எந்த ஆஸ்பத்திரியில், எந்த நாளில் யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று எழுதிய ஒரு துண்டைக்கூட அவர்கள் கொடுக்கவில்லை.

விதிகள் இல்லாமல் இப்படி நடக்கவில்லை. மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிமுறைகளைச் சொல்லி உலக மருத்துவச் சங்கம் 1964இல் கொண்டுவந்த ஹெல்சிங்கிப் பிரகடனத்தை நீங்கள் எல்லோரும் படித்திருக்கிறீர்கள். ஆய்வின் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்புப் பங்குபற்றியவர்களுக்கு வழங்கப்பட வேண்டும் என்று அதன் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. பயன் தந்த மருந்து ஆய்வு முடிந்த பிறகும் தேவைப்படுவோருக்குக் கிடைக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்ய வேண்டும் என்றும், அந்தத் தகவலைச் சம்மதம் பெறும்போதே சொல்ல வேண்டும் என்றும் அதே பிரகடனத்தில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்துச் சோதனை முடிந்து ஒரு வருடத்துக்குள், சாதாரண ஆட்களுக்கு விளங்கும் மொழியில் முடிவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று சட்டமே உண்டு. "ஆய்வுத் திட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை" என்று ஒரு குழு எங்களுக்கு எழுத முடிகிறதென்றால், அந்த ஏற்பாடு இல்லாத திட்டத்துக்கு நெறிமுறைக் குழு ஒன்று கையொப்பம் வைத்திருக்கிறது. எனவே என் கேள்வி ஆய்வாளர்களிடம் பாதி, நெறிமுறைக் குழுக்களிடம் பாதி.

ஆய்வுகளைப் பதிவுசெய்ய இலங்கை மருத்துவச் சங்கத்தின் மருத்துவப் பரிசோதனைகள் பதிவேடு 2006 முதல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பில் சேர்ந்த பதிவேடு அது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையும் இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். தன் பெருவிரல் அடையாளத்தை இட்ட ஆய்வு எது என்று எங்கள் ஊர் மனிசி ஒருவர் அதில் தேட வழியே இல்லை.

மருத்துவத்தைத் தமிழில் சொல்வது கடினம் என்று யாழ்ப்பாணத்தில் யாரும் சாட்டுச் சொல்லக் கூடாது. 1847இல் இலங்கைக்கு வந்து மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். அமெரிக்கர் ஒருவர் அந்தக் காலத்தில் முழு மருத்துவத்தையும் தமிழில் படிப்பித்த மண்ணில், இன்று ஓர் ஆய்வின் முடிவை ஒரு பக்கத்தில் தமிழில் எழுத உங்களால் முடியும். சம்மதப் படிவத்தைப் பக்கம் பக்கமாகத் தமிழில் அச்சடிக்கிறீர்கள்தானே.

இனி, நாங்கள் கேட்பவை.

முதலாவது, முடிந்துபோன அந்த நீரிழிவு ஆய்வு. அதன் முடிவைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, எங்கள் மண்டபத்துக்கு வந்து வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். விரும்பிக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் அவர் எடுத்தது எந்தக் குளிசை என்பதைச் சொல்லுங்கள். எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் கண் படத்தின் அறிக்கையையும் அவரவர் கையில் கொடுங்கள், கிளினிக் கொப்பியிலும் பதிந்துவிடுங்கள். காலம் பிந்திவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

நெறிமுறைக் குழுக்களிடம் கேட்பது இன்னும் இறுக்கமானது. பங்குபற்றியவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் முடிவை எப்படி, எப்போது சொல்வது என்று எழுதாத எந்த ஆய்வுத் திட்டத்துக்கும் இனி அனுமதி கொடுக்காதீர்கள். ஆய்வு முடிந்து ஒரு வருடத்துக்குள் அது நடந்ததா என்று கேட்டு எழுத்தில் உறுதி வாங்குங்கள். நடக்கவில்லையென்றால் அந்தக் குழுவின் அடுத்த விண்ணப்பத்தை நிறுத்தி வையுங்கள். பரிசோதனையில் ஆபத்தான பிழை தெரிந்தால் எத்தனை நாளுக்குள் யார் அறிவிப்பது என்பதும், மருந்து பயன் தந்தால் ஆய்வுக்குப் பிறகு அது கிடைக்குமா கிடைக்காதா என்பதும் சம்மதப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கிடைக்காது என்றால் கிடைக்காது என்றே எழுதுங்கள். அதைத் தெரிந்துகொண்டு சேர்கிறவர்கள் சேரட்டும். இழப்பையும் சாவையும் பற்றிக் கேட்கும் ஆய்வென்றால், கேட்பவரோடு உளவளத்துணை தெரிந்த ஒருவரும் வர வேண்டும், பிறகும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவரிடம் பெருவிரல் அடையாளம் எடுக்கும்போது, சாட்சியாக ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் இருக்க வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஆய்வுக் குழுவில் வந்த ஒருவரே சாட்சிக் கையொப்பமும் வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

உங்கள் குழுக்களில் பொதுமக்கள் பிரதிநிதி என்று ஒருவர் இருப்பார். அவர் பெரும்பாலும் படித்த உத்தியோகத்தர் ஒருவராகவே இருக்கிறார். கிளினிக் வரிசையில் நிற்கிற ஒரு நீரிழிவு நோயாளியை, ஒரு தோட்டக்காரரை, ஒரு தாயை அந்தக் கதிரையில் இருத்துங்கள். பதிவேட்டை நடத்துவோரிடம், ஒவ்வொரு ஆய்வுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் பத்து வரிச் சுருக்கம் சேர்க்கும்படியும், பதிவு இலக்கத்தைப் பங்குபற்றுபவரின் கைக்குக் கொடுக்கும்படியும் கேட்கிறோம்.

புதிய ஆய்வுக்காக மண்டபம் கேட்டு எழுதியவர்களுக்கு: உங்கள் ஆய்வு நல்லதாக இருக்கலாம், உங்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. முன்னைய ஆய்வின் முடிவு ஊருக்குச் சொல்லப்படும்வரை மண்டபத்தைத் தருவதில்லை, ஆட்களுக்கு அறிவிப்பதும் இல்லை என்று நிலையத்தின் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் எடுத்திருக்கிறோம். அதோடு, மேலே சொன்ன ஏற்பாடுகள் உங்கள் திட்டத்தில் உண்டா என்று எழுதி அனுப்புங்கள், நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதப் பிரதியையும் சேர்த்து. இரண்டும் வந்தால் கதிரைகளை நாங்களே அடுக்கித் தருவோம்.

பதிலை எழுத்தில், தமிழில் தாருங்கள். எங்கள் நிலையத்தின் விலாசம் உங்கள் கோப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, சனசமூக நிலையச் செயலாளர்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.